அடுக்களை காணலுக்கு வந்த சக்கரம்

புது மருமகளிடம் முதல் வாரத்தில் யாரும் "வேண்டாம்" என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் பாறசாலைப் பக்கத்தில் இது எழுதாத சட்டம். இன்னொரு தோசை கேட்டால் மூன்று வரும். தலைவலி என்றால் வீட்டில் ரேடியோ நின்றுவிடும். இந்த உபசாரத்தை என் திறமைக்குக் கிடைத்த மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டதுதான் வினையாயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில் குளத்தூரிலிருந்து கொல்லயிலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். கையில் பாலிடெக்னிக் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ, தலையில் அதைவிடப் பெரிய கனம். மாமனார் வீட்டுக்குப் பின்னால் மரக்கடைசல் பட்டறை வைத்திருந்தார். கட்டில் கால், தொட்டில் கம்பி எல்லாம் லேத்தில் கடைந்து கொடுப்பார். என் கணவருக்குத் திருவனந்தபுரத்தில் உத்தியோகம், மரத்தூள் பட்டாலே தும்முவார். ஆகவே பட்டறைக்கு அடுத்த ஆள் நான்தான் என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். (மாப்பிள்ளை முகத்தைச் சரியாகப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.) இந்த வீட்டில் என்னை விருந்தாளியாக நடத்தக்கூடாது, வேலை தெரிந்தவளாக நடத்த வேண்டும். அந்த ஒரே ஆசையோடுதான் வலது காலை எடுத்து வைத்தேன்.

கல்யாணமான நான்காம் நாளே வாய்ப்பு வந்தது. லேத் மோட்டார் புகைந்து காயில் கருகிப் போனது. உதியன்குளங்கரையில் ஒரு கல்யாண வீட்டுக்குத் திங்கட்கிழமை கட்டில் கால்கள் கொடுத்தாக வேண்டும். நெய்யாற்றின்கரையில் காயில் கட்டுகிறவர் ஒரு வாரம் ஆகும் என்று கைவிரித்துவிட்டார். சொன்ன நாளுக்குக் கொடுக்காத பழக்கமே மாமாவுக்குக் கிடையாது. சோறு முன்னால் வந்தும் பிசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் பின் வராந்தாவில் கிடந்த ட்ரெட்மில் என் கண்ணில் பட்டது. கல்ஃபில் இருக்கும் நாத்தனார் கணவர், என் மாமியாரின் சர்க்கரை வியாதிக்காகக் கப்பலில் அனுப்பி வைத்தது. மாமி அதில் ஒரே ஒருமுறை ஏறினாராம். அது முன்னால் இழுக்காமல் பின்னால் இழுத்ததும், நடக்கத் தெரிந்தவளுக்கு இது எதற்கு என்று இறங்கிவிட்டாராம். அதன்பின் அந்தக் கறுப்பு பெல்ட்டின் மேல் நல்லமிளகு காயப் போட்டார்கள். கடைசியில் எலி பெல்ட்டைக் கடித்துத் தீர்த்தது. ஆனால் மோட்டார் புத்தம் புதிது.

அதை லேத்தில் மாட்டித் தருகிறேன் என்றேன். மாமா மாமியைப் பார்த்தார். மாமி என் கணவரைப் பார்த்தார். கணவர் விட்டத்தைப் பார்த்தார். "மோளுக்கு இஷ்டம்னா செய்யட்டு" என்றார் மாமா, பாயசத்தில் உப்பு விழுந்ததைச் சொல்லாமல் குடிக்கிறவர் முகத்தோடு. எனக்கோ பட்டறைச் சாவியே கிடைத்த மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடுக்களை காணல். பெண் வீட்டார் பாத்திர பண்டங்களும் பலகாரமும் பழக்குலையுமாக வந்து, தங்கள் பெண் புழங்கப்போகும் அடுக்களையைப் பார்த்துத் திருப்திப்படும் சடங்கு. இதற்காகவே மாமி புதிதாகப் புகையில்லா அடுப்பு கட்டி, சிவப்பு சிமெண்ட் பூசி, புகைக்குழாய்க்கு வெள்ளையும் அடித்து வைத்திருந்தார். எங்கள் ஆட்கள் வருவதற்குள் மோட்டாரை ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. அடுக்களையோடு பட்டறையையும் அவர்கள் காணட்டுமே.

மோட்டாரை வைக்கச் சுவர்ப்பக்கம்தான் இடம் இருந்தது, அங்கே அது முகம் திரும்பித்தான் உட்கார்ந்தது. ஓட்டிப் பார்த்தால் மரம் எதிர்ப்பக்கமாகச் சுழன்றது. உளியைப் பார்த்து வரவேண்டிய மரம் உளியை விட்டு ஓடியது. மாமா தயங்கித் தயங்கி அதைச் சுட்டிக் காட்டினார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் எனக்கே ஒரு அறை கொடுக்கத் தோன்றுகிறது. இது டி.சி. மோட்டார் மாமா, இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் திசை மாறிவிடும் என்று பாடம் நடத்தி, பட்டுச்சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வயரை மாற்றினேன்.

நான் சொன்னது தப்பில்லை. திசை மாறியது. ஆனால் அந்த மோட்டாரின் அச்சில் கனமான ஓர் இரும்புச் சக்கரம் உண்டு, லேத்தைச் சுற்றும் பெல்ட் ஓடுவதும் அதன் மேல்தான். அதை மரை போட்டுத் திருகிப் பூட்டியிருப்பார்கள். சரியான திசையில் ஓடினால் ஓட ஓட இறுகும். எதிர்த்திசையில் ஓடினால் பாட்டில் மூடி மாதிரி கழலும். டிப்ளமோக்காரி இதைப் பார்க்கவில்லை.

வாசலில் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. மாமி பாயசத்தை அடுப்பில் விட்டுவிட்டு வரவேற்க முன்பக்கம் போனார். நான் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். சக்கரம் கழன்று தரையில் விழுந்து, ஒரு நொடி நின்ற இடத்திலேயே சுற்றி, பிறகு முடிவுக்கு வந்ததைப் போலக் கிளம்பியது. பட்டறை வாசலைத் தாண்டி, முற்றத்தில் கோழிகளைக் கலைத்து, அடுக்களையின் பின்வாசல் படியில் ஒரு துள்ளு துள்ளி உள்ளே போனது. நான் பின்னாலேயே ஓடினேன். என்னைவிட அது வேகம்.

புது அடுப்பின் மூலை பெயர்ந்தது. புகைக்குழாய் சரிந்து, பாயச உருளி கவிழ்ந்து, அடுக்களை முழுக்கப் புகையும் கரியும். அந்த நேரம் பார்த்து முன்வாசல் வழியாக என் அம்மா, அப்பா, சித்திகள், தாய்மாமா எல்லோரும் அடுக்களை காண வந்து நின்றார்கள். ஒன்றும் காணவில்லை. புகைக்குள் இருமல் சத்தம் மட்டும் வந்தது. கடைசியில் புகை விலகியபோது தெரிந்தது, மசகெண்ணெய்க் கையும் கரி மூஞ்சியுமாக அவர்கள் பெற்ற பெண்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். பாயசத்தில் கால் வைத்து, தலையெல்லாம் கரியாக மாமி என் முன்னால் வந்து நின்றார். ஐந்து நாளாக என்னை "மோளே", மகளே என்று கொஞ்சியே கூப்பிட்டவர்.

"எட்டி, அறிஞ்சூடாத வேலைக்கு ஆரு உன்ன போவச் சொன்னது? எனக்க அடுப்ப ஒடச்சுப் போட்டியே!"

சம்பந்திகள் முன்னால், சத்தமாக. என் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. பிள்ளை கொஞ்ச நாள் எங்களோடு வந்து நிற்கட்டும், நாங்கள் சொல்லித் திருத்தி அனுப்புகிறோம் என்று கெஞ்சும் குரலில் சொன்னாள். ஐந்தாம் நாளே திருப்பி அனுப்பப்பட்ட பெண் என்று குளத்தூர் முழுக்கப் பெயர் ஆகிவிடும்.

மாமி அம்மாவின் பக்கம் திரும்பினார். "எங்க கொண்டு போறிய? மோட்டர ஆரு பூட்டுவா? அடுப்ப ஆரு கெட்டுவா? ரெண்டும் இவ செய்து தரணும். இவ இஞ்ச உள்ளவளாக்கும்."

நான் அங்கேயே நின்று அழுதேன். திட்டு வாங்கியதற்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். இல்லை. விருந்தாளியை யாரும் "எட்டி" போட்டுத் திட்ட மாட்டார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஜீப்பில் வந்த முறுக்கையும் முந்திரிக்கொத்தையும் முற்றத்திலேயே பரிமாறினார்கள். நான் பட்டுச்சேலையை மாற்றிக்கொண்டு மோட்டாரைச் சுவர்ப்பக்கத்திலிருந்து கழற்றி, மறுபக்கம் அடுக்கியிருந்த மரத்தை ஒதுக்கி, அங்கே திருப்பி வைத்தேன். வயர் பழையபடி, திசை சரியாக, சக்கரம் ஓட ஓட இறுகியது. மாமா உளியை எடுத்து உட்கார்ந்தார். திங்கட்கிழமை கட்டில் கால்கள் உதியன்குளங்கரைக்குப் போய்ச் சேர்ந்தன. மறுநாள் காலையில் மாமா பட்டறையிலிருந்து என்னைக் கூப்பிட்டது "மோளே" என்று அல்ல. "எட்டி, இஞ்ச வா, இதப் பிடி" என்று. (அடுப்பை நான் கட்டவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டார்கள். அந்த அளவுக்கு அவர்களுக்கு என் மேல் நம்பிக்கை வரவில்லை.)

போன வருடம் என் மகனுக்குக் கல்யாணம் ஆயிற்று. மருமகள் விளக்கோடு உள்ளே வந்து உட்கார்ந்து பால் குடித்து முடித்ததும், எண்பது தாண்டிய மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மோளே, வேண்டாம்."

அவள் எதை என்று கேட்டாள்.

"எதுவானாலும் செரி. ஒருத்திட்ட ஆரம்பத்துலயே சொல்லாம விட்டு, எனக்கு ஒரு அடுப்பு போச்சு."

வீடே என்னைப் பார்த்துச் சிரித்தது. மாமி மட்டும் சிரிக்காமல், மருமகளைப் பக்கத்தில் இருத்தி, சக்கரம் முற்றத்தைக் கடந்த கதையைத் தொடங்கினார். அதில் சக்கரம் இப்போது வண்டிச் சக்கரம் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. "உனக்க மாமி பூட்டின மோட்டராக்கும் அது," என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒருதரம் சொல்லிக்கொண்டார்.