நாற்காலிக்கு நாலு கோடு

இந்த வீட்டில் ஒரு முடிவாவது என் முடிவாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். என் மனைவி தலையாட்டிய பிறகுதான் அதையும் செய்ய முடிந்தது என்பது வேறு விஷயம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்க் குழாய் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு குழாயையும் தொட்டியில் முக்கி, உள்ளே காற்றடித்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். வரவில்லை என்றால் 'தேறியது' என்று முத்திரை குத்துவேன். என் முத்திரை விழாமல் ஒரு குழாய்கூட வாசலைத் தாண்ட முடியாது. அங்கே எனக்கு அவ்வளவு அதிகாரம். வீட்டுக்கு வந்தால் செருப்பை எந்தப் பக்கம் கழற்றுவது என்பதற்கே மேலிடத்து உத்தரவு வேண்டும்.

மேலிடம் வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறாள். கூடத்தில் பாதியை அவளுடைய மிஷினும், துணி வெட்டும் மேசையும், பள்ளிக்கூடச் சீருடை மூட்டைகளும் பிடித்துக்கொண்டன. மீதியில் நடக்க வழி போக, எனக்கென்று மிஞ்சியது ஜன்னலோர மூலை. அங்கே என் சாய்வு நாற்காலி கிடக்கிறது. வேலையிலிருந்து வந்து அதில் சாய்ந்தால்தான் நானும் ஒரு மனிதன் என்ற நினைப்பு எனக்கு வரும். அந்த மூலையில் இரண்டாவது மிஷின் போட வேண்டும் என்று அவள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் ரொம்ப நாளாகக் காது கேட்காதவனாக இருந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் நாற்காலியின் கைமேல் ஒரு நோட்டீஸ் கிடந்தது. ஜன்னல் வழியாகப் பறந்து வந்திருக்கும் என்று எடுத்துப் படித்தேன். 'மைனா மொபைல். பாதி விலையில் முழுப் பேச்சு. உங்கள் நம்பர் மாறாது, உங்கள் வாழ்க்கை மாறும்.' எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாழ்க்கை மாற வேண்டும் என்று நான் எத்தனை காலமாகக் காத்திருக்கிறேன். அதுவும் பாதி விலையில்.

"நாம ரெண்டு பேரும் இந்தக் கம்பெனிக்கு மாறப்போறோம்" என்றேன். குரலைக் கொஞ்சம் கனமாக வைத்துக்கொண்டேன்.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "அப்படியா?"

"முடிவு பண்ணிட்டேன்."

"சரி."

எனக்குப் பகீரென்றது. இந்த வீட்டில் என் பேச்சுக்கு 'சரி' என்ற பதிலை நான் கேட்டதே இல்லை.

"என்ன, சரிங்கறே?"

"நீங்க முடிவு பண்ணா சரியாத்தான் இருக்கும். ஆனா என் தொழிலே போன்லதான் ஓடுது. முதல்ல நீங்க ஒரு மாசம் வச்சுப் பாருங்க. குழாய்க்கெல்லாம் தரம் பாக்குறவரு, ஒரு சிம்முக்குப் பாக்க மாட்டீங்களா?"

"பாத்துட்டா போச்சு."

"தேறுச்சுன்னு நீங்க சொன்னா நானும் மாறிக்கிறேன். தேறலைன்னா..."

"தேறலைன்னா?"

"நாற்காலி பரண்மேல போகும். மிஷின் வரும்."

நாற்காலியைப் பார்த்தேன். நோட்டீஸைப் பார்த்தேன். அதில் ஒரு மைனா இறக்கையை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். அன்று எனக்குப் பிடித்தது ஏழரை என்று அப்போது தெரியவில்லை.

ரீசார்ஜ் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "மைனாவா சார்? வீட்டுல அம்மாகிட்டக் கேட்டீங்களா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஊரே பேசுகிறது போல. "எங்க வீட்டுல முடிவெடுக்கிறது நான்தான்" என்றேன்.

"அதுக்கில்ல சார்..."

"திட்டத்தைச் சொல்லுங்க."

அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார். குட்டி மைனா என்று ஒன்று. மலிவு. ஆனால் பேசலாம், படம் பார்க்க முடியாது. கூட்டு மைனா என்று ஒன்று. படம் பார்க்கலாம், ஆனால் பாதிப் படத்தில் வேகம் குறைந்துவிடும். கதாநாயகன் வாயைத் திறந்தால் மூடுவதற்குள் நாம் போய்க் குளித்துவிட்டு வந்துவிடலாம். மூன்றாவது பொன் மைனா. எல்லாம் உண்டு, எதற்கும் அளவில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கட்டினது கட்டினதுதான், திரும்பி வராது.

"மாசா மாசம் கட்டினா?"

"அதுக்கு நீங்க பழைய கம்பெனியிலயே இருந்துடலாம் சார். விலை ஒண்ணுதான்."

"இவ்வளவு மலிவா எப்படிக் குடுக்குறாங்க?"

"டவர் அவங்களுது இல்ல சார். பெரிய கம்பெனி டவர்ல வாடகைக்கு இருக்காங்க."

"ஒண்டுக்குடித்தனமா?"

"அதேதான். கூட்டம் இல்லாதப்ப ஒண்ணும் தெரியாது. கூட்டம் வந்தா வீட்டுக்காரங்க தண்ணி பிடிச்ச மிச்சம்தான் குடித்தனக்காரங்களுக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "எதுக்கும் வீட்டுல அம்மாவ ஒரு வார்த்தை..." என்றார்.

ரோஷம் வந்துவிட்டது. பொன் மைனாவையே கட்டினேன். வருஷத்துக்கும் சேர்த்து.

என் பழைய நம்பர் மைனாவுக்கு மாறியது. மாறிய அன்று தொழிற்சாலையில் பார்த்தேன். நாலு கோடும் நெட்டுக்குத்தாக நின்றது. அப்படி ஒரு சிக்னலை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. என்ன பிரயோசனம்? தொழிற்சாலைக்குள் போன் பேசத் தடை. சாப்பாட்டு நேரத்தில், போனை வைத்துப் பூட்டும் பெட்டியைத் திறந்து, நாலு கோட்டையும் ஆசையாக ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டிவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலில் கால் வைத்ததும் ஒரு கோடு விழுந்தது. செருப்பைக் கழற்றியதும் இன்னொன்று. நாற்காலியில் உட்கார்ந்தபோது ஒன்றுமே இல்லை. மைனா பறந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மனைவி வந்து, துணியில் குறிபோடும் நீலச் சாக்பீஸ் ஒன்றைக் கையில் கொடுத்தாள். "எங்கெங்க எத்தனை கோடு வருதோ, தரையில அத்தனை கோடு போட்டு வைங்க. நான் மாறுறப்ப எனக்கு உதவும்."

போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். கூடத்தில் பூஜ்யம். படுக்கையறையில் பூஜ்யம். கட்டில்மேல் ஏறி நின்றால் அரைக்கோடு போல ஏதோ தெரிந்தது, அதுவும் போன் கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசி. குளியலறையில் நுழைந்ததும் போன் தானாக அணைந்துகொண்டது. மானமுள்ள போன்.

கடைசியாகச் சமையலறை. பாத்திரம் கழுவும் சிங்க்குக்கு முன்னால் நின்றேன். ஒரு கோடு. இன்னும் நெருங்கினேன். இரண்டு. சிங்க்கில் வயிறு இடிக்க, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினேன். நாலு கோடு. அரை அடி பின்னால் வந்தால் போச்சு.

கம்பெனிக்கே போன் செய்து கேட்டுவிடுவது என்று அங்கே நின்றபடியே அழைத்தேன். ஒரு இயந்திரப் பெண் பேசினாள். ஒன்றை அழுத்தச் சொன்னாள், அழுத்தினேன். மூன்றை அழுத்தச் சொன்னாள், அழுத்தினேன். வெகுநேரம் பாட்டுப் பாடிவிட்டு, "உங்கள் பகுதியில் சிக்னல் மிகச் சிறப்பாக உள்ளது. நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வருஷப் பணமும் போய், நாற்காலியும் போவதா? இத்தனை வருஷ வேலையில் ஒழுகும் குழாய் ஒன்றுக்குக்கூட நான் 'தேறியது' குத்தியதில்லை. அன்று குத்தினேன். கூடத்துக்கு வந்து, அவள் பார்க்காத சமயத்தில், என் நாற்காலிக்கு முன்னால் தரையில் நீலத்தில் நாலு கோடு இழுத்தேன். நன்றாகத் தடிமனாகவே இழுத்தேன். மற்ற இடங்களில் சந்தேகம் வராமல் ஒன்று, இரண்டு என்று போட்டுவைத்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "பரவாயில்லையே. நாற்காலிகிட்டதான் ஜோரா எடுக்குது."

"பின்னே? ஜன்னல் காத்து வருதுல்ல."

காற்றுக்கும் சிக்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அதிலிருந்து என் வாழ்க்கை சிங்க்குக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. மேனேஜர் சாயங்காலம்தான் மறுநாள் வேலையைப் போனில் சொல்வார். எடுக்காவிட்டால் மறுநாள் மூஞ்சியைக் காட்டுவார். ஆகவே வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குப் போய் நின்றுவிடுவேன்.

"என்னங்க, இங்கயே நிக்கிறீங்க?"

"சும்மாதான். உனக்குத் துணையா."

"சும்மா நிக்கிறதுக்கு அந்த டம்ளரையாவது கழுவலாம்ல?"

கழுவினேன். மறுநாள் டம்ளரோடு தட்டும் சேர்ந்தது. அதற்கடுத்த நாள் அடிப்பிடித்த சட்டி. நான் போய் நிற்பதற்குள் எல்லாம் குவிந்து எனக்காகக் காத்திருக்கும். மைனா போன் அடிக்கும்போது கை முழுக்க சோப்பு நுரை.

"என்னய்யா, தண்ணிச் சத்தம் கேக்குது?" என்றார் மேனேஜர் ஒருநாள்.

"குழாய் பாத்துட்டிருக்கேன் சார்."

"வீட்டுலயுமா? உன்ன மாதிரி நாலு பேர் இருந்தா கம்பெனி எங்கயோ போயிடும்யா."

மகிழ்ந்துபோய், அதுமுதல் தினமும் கூடுதலாக இரண்டு தடவை அழைக்க ஆரம்பித்தார். எனக்கும் கூடுதலாக இரண்டு ஈடு பாத்திரம் விழுந்தது. அந்தச் சிங்க் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது என்று மனைவி எத்தனையோ தடவை சொல்லியும் நான் தொட்டதில்லை. இப்போது என் சட்டைதான் நனைந்தது. வாஷரை மாற்றிச் சரிசெய்தேன். கூடத்தில் என் நாற்காலி தன்னந்தனியாகக் கிடந்தது. அதைக் காப்பாற்றத்தான் இந்தப் பாடெல்லாம் படுகிறேன். ஆனால் அதில் உட்கார எனக்கு நேரமில்லை.

மாதம் முடிந்தது. மனைவி சாவகாசமாக வந்து எதிரில் நின்றாள்.

"ம், சொல்லுங்க. தேறுச்சா, தேறலையா?"

"தேறுச்சு" என்றேன். நாக்கு கூசியது.

"நிச்சயமா?"

"முத்திரையே குத்துவேன்."

"அப்ப நானும் மாறிடவேண்டியதுதான்." கூடத்தின் நடுவில் நின்று என் நீலக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நான் இப்ப தைக்கிற இடத்துல ஒரு கோடுதான் போட்டிருக்கீங்க. ஒரு கோட்டுல எப்படி ஆர்டர் எடுக்கிறது? பாதிப் பேச்சுல கட்டாயிடும். நாலு கோடு இருக்கிறது இந்த ஜன்னல் மூலையிலதான்."

"அங்க வெயில் வரும்."

"வெளிச்சம் நல்லது. ஊசி கண்ணுக்குத் தெரியும்."

"மழை வந்தா சாரல் அடிக்கும்."

"ஜன்னல மூடிக்கிறேன்."

"இல்ல... அந்த இடத்துல சிக்னல் சிலசமயம்..."

"சிலசமயம்?" கையை நீட்டினாள். "போனக் குடுங்க, ஒரு தடவை பேசிப் பாத்துடலாம். எடுக்கலைன்னா தேறலைன்னுதானே அர்த்தம்?"

தேறினால் நாற்காலி போகும். தேறாவிட்டாலும் நாற்காலி போகும். போனதோடு, பொய்யன் என்ற பெயரும் வரும். போனைச் சட்டைப் பைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். "வேணாம் விடு. மிஷினையே போட்டுக்கோ" என்றேன்.

அன்று சாயங்காலமே மச்சான் வந்து நாற்காலியைப் பரண்மேல் ஏற்றினான். ஏற்றும்போது, "நல்ல நாற்காலி மாமா, யாருமே உக்காராத மாதிரி புதுசா இருக்கு" என்றான்.

எனக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஆறுதல். அவளும் மைனாவுக்கு மாறுவாள். அந்த மூலையில் உட்கார்ந்து ஹலோ ஹலோ என்று கத்துவாள். கடைசியில் அவளும் சிங்க்குக்குத்தான் வந்து சேர வேண்டும். இருவரும் சேர்ந்து கழுவினால் வேலை பாதியாகிவிடும். அந்த நாளுக்காகக் காத்திருந்தேன். ஒரு வாரம் போனது, இன்னொரு வாரமும் போனது. புது மிஷின் ஜன்னலோரத்தில் கடகடவென்று ஓடியது. அவள் காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, பழைய கம்பெனி சிம்மில், கணீர் கணீரென்று ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பொறுக்க முடியாமல் சிங்க்கிலிருந்தே கேட்டேன். "ஏம்மா, எப்ப மைனாவுக்கு மாறப்போறே?"

"நான் எதுக்கு மாறணும்? நீங்க நிக்கிற இடத்தைத் தவிர வீட்டுல அது எங்கயும் எடுக்காதே."

கையிலிருந்த சட்டி நழுவித் தொட்டியில் விழுந்தது. "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் கொஞ்ச நாள் அந்த சிம்மதான் வச்சிருந்தேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் அங்க ஓடி வந்து நின்னு, நின்ன பாவத்துக்குப் பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு கை போச்சு. கடைக்காரர் சொல்லலையா உங்ககிட்ட?"

சொல்ல வந்தார். இரண்டு தடவை வந்தார். நான்தான் விடவில்லை. ஆனாலும் கடைசியாக ஒன்று எனக்கென்று இருந்தது. அதை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"போகட்டும்" என்றேன். "நாற்காலி போச்சு, பணம் போச்சு, எல்லாம் போச்சு. ஆனா மைனாவுக்கு மாறணும்னு முடிவெடுத்தது நான்தான். அதையாவது ஒத்துக்கோ."

அவள் மிஷினை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பின்ன, அந்த நோட்டீஸ் தானாப் பறந்து வந்தா உங்க நாற்காலியில உக்காந்துச்சு?"