போனுக்குக் கட்டுப்பட்ட கார்

பன்னிரண்டு வயதான தன் காரைப் போனின் பேச்சைக் கேட்க வைப்பதாக நம்மவர் சபதம் போட்டது ஒரு திங்கட்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது. வாயில் நுரையோடு போட்ட சபதம். அந்த வாரம் முழுக்க நுரை தள்ளப்போகிறது என்று அப்போதே அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

எல்லாம் மச்சினனால் வந்தது. அக்கா வீட்டுக் காரை வாங்க ஒரு பல் டாக்டரைப் பிடித்துவைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து முடிவு கேட்பதாக ஏற்பாடு. நம்மவருக்கோ அந்தக் கார் என்றால் உயிர். அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை அவருக்கு. நாளெல்லாம் அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டுபிடித்துவிட்டு வந்தால், குற்றம் சொல்லத் தோன்றாத ஒரே இடம் அந்த டிரைவர் சீட்தான். மனைவியிடம் லைசென்ஸ் இருந்தும் அவளை அதில் உட்காரவிட்டதில்லை. "கிளட்ச் ஒரு மாதிரி. உனக்குப் பழகாது" என்று ஏழு வருடமாகச் சொல்லிவந்தார். அவள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்த்தாள். போக வர பஸ்தான்.

"இப்ப வர்ற காரெல்லாம் எங்க நிக்குதுன்னு போன்லயே காட்டுதாம்" என்றாள் அவள். "நீங்க போன மாசம் நிறுத்தின இடத்தை மறந்துட்டு மூணு மாடி பார்க்கிங்கைச் சுத்தி வந்தீங்க."

"அது நடைப்பயிற்சி."

"நானும்தான் நடந்தேன். ரெண்டு கையிலயும் சாமான் பையோட."

"அந்த வசதியெல்லாம் நம்ம கார்லயும் இருக்கு. வாங்கினப்ப குடுத்த புத்தகத்துலயே போட்டிருக்கான். நாம பதிவு பண்ணலை, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள போன்லயே பூட்டித் திறந்து காட்டுறேன்."

"காட்டிட்டா?"

"காரை விக்கக் கூடாது."

"காட்டலைன்னா?"

"உன் தம்பி இஷ்டம்."

"சரி" என்றாள். மனைவி ஒரே சொல்லில் சம்மதித்தால் புருஷன் உஷாராக வேண்டும். நம்மவர் வாய் கொப்பளிக்கப் போய்விட்டார்.

போனில் இறக்கிய செயலி முதலில் சேஸிஸ் நம்பரைக் கேட்டது. கண்ணாடிக்குக் கீழே கழுத்தைச் சுளுக்கிக்கொண்டு பதினேழு எழுத்தையும் குறித்துக்கொண்டு வந்து தட்டினார். தவறு என்றது. மறுநாளும் தவறு என்றது. வியாழக்கிழமை வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது.

"சார், சேஸிஸ் நம்பர்ல ஓ-ங்கிற எழுத்தே வராது. அது பூஜ்யம்" என்றது ஒரு பெண் குரல். இருபது வருடம் பிழை திருத்திய மனிதர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்ததாக ரகசிய எண் வர வேண்டும். வந்தது, கார் வாங்கியபோது கொடுத்த பழைய நம்பருக்கு. அதை அவர் விட்டொழித்து எட்டு வருடம். லைசென்ஸ், ஆர்.சி. புத்தகம், காரோடு சேர்ந்து நிற்கிற போட்டோ என்று கேட்டதையெல்லாம் அனுப்பி நம்பரை மாற்றினார். சனிக்கிழமை மத்தியானம் செயலி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, 'உங்கள் காரைத் தொடர்புகொள்கிறோம்' என்றது. அரை மணி நேரம் சக்கரம் சுற்றியது. மறுபடி அதே பெண்.

"சார், உங்க வண்டிக்குள்ள இருக்கிறது பழைய சிம். அது பேசுற நெட்வொர்க்கையே மூடிட்டாங்க. வண்டி பேசிட்டுத்தான் இருக்கு சார், கேக்கத்தான் ஆளில்லை."

"எங்க வீட்ல என் நிலைமையும் அதுதாம்மா."

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

"என் மச்சினனுக்கு வேற ஊருக்கு மாத்தல் வாங்கித் தர முடியுமா?"

அந்தச் சேவை தங்களிடம் இல்லை என்று பணிவாகச் சொல்லி அவள் போனை வைத்தாள்.

உண்மையை ஒப்புக்கொண்டிருக்கலாம். காரும் போய், மச்சினன் முன்னால் மானமும் போகும். அவருக்கு வேறொரு யோசனை வந்தது. இடது கையில் போன். வலது கை பேண்ட் பாக்கெட்டில், கார் சாவியின் பட்டன் மேல். இரண்டு கட்டை விரலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் எது திறந்தது என்று எவனுக்குத் தெரியும்? மனைவி தையல்காரரிடம் போயிருந்த நேரத்தில் இரண்டாம் மாடி பால்கனியில் நின்று ஏழு தடவை ஒத்திகை பார்த்தார். வாட்ச்மேன் காருக்குப் பேய் பிடித்துவிட்டதென்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. பால்கனியில் அக்காவும் தம்பியும். நம்மவர் சாப்பாட்டு மேஜையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு கம்பீரமாக வந்தார். காரையே பார்த்தபடி அழுத்தினார். பீப் என்றது, விளக்கு சிமிட்டியது, பூட்டிக்கொண்டது. மறுபடி அழுத்தினார். திறந்துகொண்டது.

மச்சினன் வாயைப் பிளந்தான். "அத்தான், அந்தக் கையை ஏன் பாக்கெட்லயே வச்சிருக்கீங்க?"

"குளிருது."

சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மனைவி குறுக்கே புகுந்தாள். "தம்பி, கார் விக்கிறதுக்கில்லைன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு."

நம்மவருக்குத் தரையில் கால் பாவவில்லை. தம்பி படியிறங்கிப் போனதும் அவள் கையை நீட்டினாள்.

"சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

"பூட்டித் திறக்கத்தான் உங்களுக்குப் போன் இருக்கே. சாவி சும்மாதானே கிடக்கும்? நாளையிலேர்ந்து நான் ஆஸ்பத்திரிக்குக் காரை எடுத்துட்டுப் போறேன். பீரோவுல இருந்த மாத்துச் சாவியையும் என் பையில போட்டுட்டேன்."

"அந்தக் கிளட்ச்..."

"உங்க போனுக்கு அடங்குற கார் என் காலுக்கு அடங்காதா?"

என்ன சொல்வது? சாவி வேண்டும் என்றால் போன் பொய். போன் நிஜம் என்றால் சாவி எதற்கு? திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றார். சாவி கை மாறியது.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாப்பில் நின்றார். அவர் முன்னாலேயே கார் போனது. ஒரு குலுக்கல் இல்லை, முனகல் இல்லை. கிளட்ச் அவளிடம் அப்படிக் குழைந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவருடைய பஸ்ஸை இன்னும் காணோம். அவள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்திருப்பாள் என்று கணக்குப் போட்டு, அங்கே நின்றபடியே போன் செய்தார்.

"நான் ஒரு பொய் சொல்லிட்டேன். போன்ல ஒண்ணும் நடக்கலை. பாக்கெட்ல சாவி இருந்துச்சு."

"தெரியுமே."

"எப்படி?"

"உங்க போன் சமையல்கட்டுல சார்ஜ் ஏறிட்டு இருந்துச்சு. நீங்க பால்கனியில அழுத்து அழுத்துன்னு அழுத்தினது என் போன்."

"அப்ப ஏன் உன் தம்பிகிட்ட சொல்லலை?"

"அவன் முன்னாடி உங்களை விட்டுக்குடுப்பேனா? அந்தக் காரு இல்லைன்னா நீங்க எப்படி ஆயிடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

நம்மவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இப்படிப்பட்டவளையா ஏழு வருடம் பஸ்ஸில் அனுப்பினோம் என்று கண்கூடக் கலங்கியது. அந்த உருக்கத்தோடேயே கேட்டார்.

"அப்ப சாயங்காலம் சாவியைக் குடுத்துடுவேல்ல?"

"பஸ் வந்துடுச்சான்னு பாருங்க" என்றாள்.