நண்டுக்கு வந்த நியமன ஆணை

நண்டுகளின் காலை ஒவ்வொன்றாய் ஒடித்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள் ஹெலன். கணியம்பாடி வயல் நண்டு. பக்கத்தில் தூளியில் கைக்குழந்தை ஜீவா. தோல் பதனிடும் டேனரிக்குப் பின்னாலிருக்கும் அந்தத் தெருவில் போர்வெல் தண்ணி நாறுகிறது, பிள்ளைக்குக் கொடுக்க நல்ல தண்ணி லாரி அனுப்புங்கள் என்று மனு போட்டிருந்தாள். அதை விசாரிக்க, துர்நாற்ற உறுதிப்பாட்டு அலுவலர் திருவாளர் முனிரத்தினம் அன்றுதான் நேரில் எழுந்தருளினார்.

ஒரு சொம்பு தண்ணியை ஆழ்ந்து முகர்ந்தார். “எனக்கு ஒண்ணும் தெரியலியேம்மா.”

“இன்னா சார், தெருமுனை வரைக்கும் அடிக்குதே!”

“சர்வீஸ் ஜாஸ்தி. மூக்கு எனக்கு முன்னாடியே ரிட்டையர் ஆய்டுச்சு.” அப்போது அவர் கண் தட்டில் விழுந்தது. முகம் மலர்ந்தது. “அட, நண்டு! ட்ரெயினிங்ல சொன்னாங்க. நண்டு மூளையில மோப்பத்துக்குன்னே ஒரு இடம் இருக்குதாம். வயசாக ஆக அதுல புதுசு புதுசா செல்லு மொளைக்குமாம். நமக்குத் தேயறது அதுக்கு வளருது! இனிமே இதுதான் மோப்ப அதிகாரி.”

“அப்போ இந்தப் பெருச எடுத்துக்கோங்க சார். இப்பவே சொல்லிடும்.”

“எடுத்த எடுப்புல மேல் பதவி குடுக்க ரூல்ஸ் இல்லம்மா. கீழருந்துதான் வரணும்.”

கால் ஒடிபடாமல் மிஞ்சியதில் ஆகப் பொடி நண்டு தேர்வு பெற்றது. மூளை முதிரும்வரை அது தகுதிகாண் பருவத்தில் இருக்கும். அதுவரை மனு நிலுவையில் இருக்கும். நண்டு, மனுதாரர் வீட்டுப் போர் தண்ணித் தொட்டியில் இருக்கும். ஆணை அப்படி.

வருஷம் ஓடியது. நண்டு ஓடு உரித்தது. அனுமதியின்றிச் சீருடை களைந்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நண்டு பதிலே தரவில்லை. உயர் பதவிக்கு ஏற்ற லட்சணம் என்று அலுவலகம் மெச்சியது. ஊரில் நண்டு மோகம் பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு மேகலா கூடையில் நண்டோடுதான் மல்லிப்பூ வாங்கப் போனாள். ரஃபத் ஜஹான் வீட்டில் நண்டு சம்மதிக்காமல் பிரியாணிக்கு உலை வைப்பதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள், “உங்க வீட்டு நண்டுக்கு இன்னா வயசு?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். ஜீவாவும் தூளியை விட்டு இறங்கி, நடந்து, பேசி, வாயாடத் தொடங்கிவிட்டாள். குடித்ததெல்லாம் அதே தண்ணிதான். ஹெலன் காய்ச்சிக் காய்ச்சிப் பார்த்தாள். நாற்றம் சூடானது, அவ்வளவுதான்.

ஒருவழியாக நண்டு முதிர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. ஒரு பேசினில் போர் தண்ணி, ஒன்றில் கேன் தண்ணி, நடுவே பலகையில் மோப்ப அதிகாரி. தெருவே கூடிவிட்டது.

“போர் தண்ணிய வுட்டு ஓடிச்சின்னா, நாளைக்கே லாரி,” என்றார் முனிரத்தினம்.

நண்டு சின்ன மீசையை இந்தப் பக்கம் ஆட்டியது, அந்தப் பக்கம் ஆட்டியது. பிறகு ஆற அமர நடந்துபோய் போர் தண்ணியில் தொப்பென்று விழுந்து, சுகமாகக் காலை நீட்டியது. முனிரத்தினம் அதைத் தூக்கிக் கேன் தண்ணியில் விட்டார். பதறி ஏறி வந்து அவர் விரலைக் கவ்வியது.

“தீர்ப்பு!” என்று அலறினார். “போர் தண்ணி சுத்தம்! நாத்தம் கேன் தண்ணியிலதான்! லாரி கேன்சல்!”

“அய்யோ சார், அது வளந்ததே இந்த நாத்தத்துல. மூளையும் இதுலதான வளந்துது? அதுக்கு இதான் வாசனை!”

“மேலதிகாரியைக் குறை பேசக் கூடாதும்மா!”

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. அதற்குள் கேனைச் சாய்த்து ஒரு வாய் குடித்திருந்த ஜீவா, த்தூ என்று துப்பினாள்.

“அம்மா! ஓடியா! இந்தத் தண்ணி கெட்டுப்போச்சு, வாசனையே வரல! நம்ம தண்ணி குடு!”

மேகலாவும் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தாள். முகம் கோணியது. “புள்ள சொல்றது நெஜந்தான்க்கா. சப்புன்னு கீது.”

சிரிப்பு நின்றுவிட்டது. “அம்மா, வாயேன்!” என்று ஜீவா மறுபடி கத்தினாள்.

“தோ வர்றேன்டி கண்ணு, துப்பாத, அதாண்டி நல்ல தண்ணி!” என்று ஓடினாள் ஹெலன்.