மாமனார் கால் நுழைத்த பை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் எல்லோரும் நலம். உன் அப்பாவின் கால்கள் மிகமிக நலம், அவற்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவரை ஒரு மாதமாவது உன்னோடு கூட்டிக்கொண்டு போ என்று போன கடிதத்தில் கெஞ்சியிருந்தேனே, அதைக் கிழித்துப் போட்டுவிடு.

நான் ஒரு சூட்டுப் பை வடிவமைத்தது உனக்குத் தெரியும். பனியில் சறுக்கி விளையாடுகிறவர்கள் ஈர பூட்ஸை இதற்குள் வைத்து, ஒன்று, ரெண்டு, மூணு என்று சூட்டளவு வைக்கும் பொத்தானை அமுக்கினால், லைனிங்குக்குப் பின்னால் ஓடும் கம்பி சூடாகி அதைக் காயவைத்துவிடும். கம்பியும் பாட்டரியும் எங்கள் எலெக்ட்ரீஷியன் வேலை. அவனைப் பட்டறையில் 'கரண்ட்' என்றுதான் கூப்பிடுவோம். மற்றதெல்லாம் என் கை. மூன்றடுக்கு லைனிங் எதற்கு, ஒன்றை எடு என்று முதலாளி என் பிராணனை வாங்கினார், நான் அசையவில்லை. பொத்தானுக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு வைக்கலாம் என்றான் கரண்ட். பொம்மை மாதிரி இருக்கும் என்று அதற்கும் மறுத்துவிட்டேன். ஐஸ்கிரீம் கிடங்கில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்தோம், பூட்ஸ் அப்பளமாகக் காய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஆர்டர் தரும் அம்மா வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்துவிட்டால் இனி நாங்கள் சொந்த டிசைன் செய்யலாம், பிடிக்காவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவன் வரைந்ததைத் தைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் பார்த்தால் ஜிப் லைனிங்கைக் கடிக்கிறது. கையால்தான் சரிசெய்ய முடியும். கரண்டிடமிருந்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, தைத்து முடித்து, கூடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் உன் அப்பா சோபாவில், ரெண்டு காலும் பைக்குள்ளே, ஜிப் முழங்கால் வரைக்கும். மூணு ஜோடி சாக்ஸ் போட்டும் கால் ஜில்லுங்குதுன்னு வீட்டையே ஒரு வழி பண்ற மனுஷர், மச்சான், கண்ணை மூடிச் சிரிச்சுக்கிட்டு இருந்தார்.

"ரெண்டாம் நம்பர்ல வெச்சிருக்கேன் மாப்பிள்ளை. மூணு சுடுது."

மாப்பிள்ளை! எட்டு வருஷமாக என்னை 'பை தைக்கிறவர்' என்று மட்டுமே சொன்ன வாய் அது.

விடிந்தும் கால் வெளியே வரவில்லை. உன் அக்கா, "அப்பா, இவர் வேலையே இதுலதான் இருக்கு, குடுத்துடுங்க" என்று கெஞ்சினாள். "பை வேணும்னா காலோட கூட்டிட்டுப் போகட்டும்" என்றார். வேறு வழி? காரில் ஏற்றி, பட்டறை வாசலிலிருந்து துணி உருளை தள்ளும் வண்டியில் உட்காரவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. அந்த அம்மா, "இவர் யாரு?" என்று கேட்டார்.

"சோதனை பண்ற ஆளும்மா" என்றார் உன் அப்பா. "ரெண்டாம் நம்பர்ல வெச்சா கால் இருக்கறதே மறந்துடும். என் மாப்பிள்ளை செஞ்சது."

அந்த அம்மா பைக்குள் கையை விட்டுப் பார்த்தார். "அட, கதகதன்னு இருக்கே! இப்படியே எடுத்துக்கறேன், லைனிங்ல ஒரு நூலைக்கூட மாத்தாதீங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், துணி அடுக்குக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆர்டருக்காக இல்லை, அந்த 'என் மாப்பிள்ளை'க்காக. அந்தச் சாம்பிள் பையை உன் அப்பாவுக்கே கொடுத்துவிட்டேன், கம்பெனிக்கு வேறொன்று தைத்துக்கொள்கிறேன். அவரைக் கூட்டிப்போக நீ வர வேண்டாம், சும்மா பார்க்க வா. உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு, உன் வால் பிள்ளைக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்
(எட்டு வருஷம் கழித்து, மாப்பிள்ளை)

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது கரண்ட் வந்து, "அண்ணே, வியாழக்கிழமை கழட்டின பாட்டரி என் டிராயர்லயே கிடக்கு, வேணாமா?" என்கிறான். பட்டறையை விட்டு வெளியே போகும் சாம்பிளில் பாட்டரி இருக்கக் கூடாது என்பது அவன் விதி, மறுநாள் அவன் லீவு. மாமா சுடுது சுடுது என்று சொன்னதில் நானும் நம்பிவிட்டேன். ஆக, ரெண்டும் இல்லை, மூணும் இல்லை. அத்தனையும் என் லைனிங்கும் அவர் சொந்தச் சூடும்தான். மனசு கேட்காமல், அவர் தூங்கும்போது பாட்டரியை மாட்டிவிட்டேன். பத்தே நிமிஷத்தில் எழுந்துவிட்டார். "என்ன பண்ணீங்க மாப்பிள்ளை? ரிப்பேர் ஆயிடுச்சு, பழையபடி பண்ணிக் குடுங்க." கழற்றிவிட்டேன். பொத்தானை அமுக்கிப் பார்த்து, "இப்பத்தான் கரண்டு ஒழுங்கா வருது" என்கிறார்.