டீக்கடையில் நடந்த இறுதிப் போட்டி

கீழ்பென்னாத்தூர் பஸ் கண்ணெதிரே போய்விட்டது. தசரதன் அலட்டிக்கொள்ளவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் அவன் ஒரு நாளிதழின் திருவண்ணாமலை விளையாட்டு நிருபர். மெட்ராஸ் ஆபீஸில் சுழல் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பது பத்து வருஷத்து ஆசை. கீழ்பென்னாத்தூரில் நடக்கும் கபடி இறுதிப் போட்டியைப் பார்த்துத்தான் எழுத வேண்டுமா என்ன? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே உள்ளூர் அணியை ஜெயிக்க வைத்தான். காசி என்று ஒரு வீரனைப் பிறப்பித்து, பதினோரு பாயிண்ட் எடுக்க வைத்து, டிரங்க் காலில் ஆசிரியருக்குச் சொல்லியும் விட்டான்.

மறுநாள் பேப்பரும் கையுமாக டீக்கடைக்காரர் வேணு கேட்டார்: "ஏங்க, நேத்து மழை கொட்டி அங்க மேட்ச்சே நடக்கலையாமே?"

தசரதன் டீ கிளாஸை அப்படியே வைத்தான். மறுபடியும் போனுக்கு ஓடினான்.

"சார், ஒரு விஷயம் விட்டுப்போச்சு. கொட்டுற மழையிலயே ஆடினாங்க."

"மழையிலயா! அந்தக் காசி போட்டோவை உடனே அனுப்புய்யா!"

பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கும் கண்ணாயிரத்தை ஸ்டுடியோவுக்கு இழுத்துப்போய், தலையில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினான்.

"சார், எனக்குக் கபடியே தெரியாதுங்க!"

"போட்டோவுல அது தெரியாது. தொடையைத் தட்டு!"

படம் முதல் பக்கத்தில் வந்தது; பேப்பர் இரண்டு மடங்கு விற்றது. பத்திரிகை முதலாளி இராமலிங்கம் நேரில் வந்து கோப்பை தரப்போவதாகவும், வீரன் ஆடிக் காட்ட வேண்டும் என்றும் தந்தி வந்தது. "காசிக்கு இடது கால் முறிவு" என்று தசரதன் அவசரமாக ஒரு செய்தி அனுப்பினான். முதலாளி ஆப்பிள் கூடையோடு நலம் விசாரிக்கவே வந்துவிட்டார்.

லாட்ஜ் அறையில் கண்ணாயிரம் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். கட்டு வலது காலில்.

"இடது கால்னு போட்டிருந்துச்சே?"

"அச்சுப்பிழைங்க" என்றான் தசரதன். வியர்வையில் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

"ரொம்ப வலிக்குதா காசி?"

"காசியா? அது யாருங்க?" என்றான் கண்ணாயிரம்.

"தலையிலயும் அடி ஜாஸ்திங்க!" என்று தசரதன் குறுக்கே புகுந்தான்.

முதலாளி தசரதனை ஏற இறங்கப் பார்த்தார். இருந்த வேலையும் போச்சு என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அடுத்த மாசம் மெட்ராஸ் வந்துடு. நீதான் விளையாட்டு ஆசிரியர். ரெண்டே வருஷத்துல உன்னை ஜெனரல் மேனேஜர் ஆக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தசரதனுக்குத் தலைகால் புரியவில்லை. கூடையை வைத்துவிட்டுக் கிளம்பிய டிரைவர் கோதண்டராமனிடம், "வெள்ளந்தி மனுஷன்யா உங்க முதலாளி. எழுதினதை அப்படியே நம்பறாரு!" என்றான்.

டிரைவர் சிரித்தார். "நம்பறாரா? அன்னிக்குக் கீழ்பென்னாத்தூர் மைதானத்துல மழைக்கு ஒதுங்கி நின்ன சீஃப் கெஸ்ட்டே அவர்தாங்க!"