எண்பது சதம் மழை

"நேத்துப் பெஞ்ச மழையில நனைஞ்சு எனக்குத் தடுமம் புடிச்சிருச்சு மாப்ள" என்று சொல்லி, அம்மாவாசி வேண்டுமென்றே இரண்டு தும்மல் போட்டார்.

நேற்று ஒரு சொட்டுக்கூட விழவில்லை. சித்திரை வெயில் காமயகவுண்டன்பட்டியையே மண்டை பிளக்க வைத்தது. ஆனால் சுப்புத்தாயின் டீக்கடைச் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில், முந்தாநாளே 'நாளை மழை வரும்' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது. எழுதியவர் ஈஸ்வரபாண்டி. தும்மலைக் கேட்டதும் டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டதும் அவர்தான்.

பலகை வந்த கதையைச் சொல்லிவிடலாம். திராட்சை ஆராய்ச்சி நிலையத்து அதிகாரி ஞானதுரை இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் ஊருக்கு வந்தார். காலநிலை மாறிவருகிறது, கோடை மழை முன்னைப்போல் நாள் பார்த்து வராது, பழுத்த திராட்சையில் மழை விழுந்தால் பழம் வெடித்து ஒன்றுக்கும் ஆகாது, அதனால் எங்கள் கணிப்பை நம்புங்கள் என்று பேசினார். கணிப்பை ஊருக்கு எழுதிப் போட ஓர் ஆள் வேண்டும் என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தபோது ஈஸ்வரபாண்டி மட்டும் கையைத் தூக்கினார். ஊரில் தன் சொல்லுக்கு ஒரு மதிப்பு வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று வாங்க முடியாததை வானத்தை வைத்தாவது வாங்கிவிடலாம் என்று நினைத்தார்.

செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் ஞானதுரை போன் செய்வார். ஈஸ்வரபாண்டி அந்நேரம் தோட்டத்தில் இருப்பார். போனை எடுத்து, சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்டுவைத்து, சாயங்காலம் அவரிடம் ஒப்பிப்பது மனைவி ஜோதிலட்சுமியின் வேலை. பிறகு அவர் சாக்பீசோடு தெருவைக் கடப்பார். டீக்கடை வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது.

ஆரம்பத்தில் வந்ததை வந்தபடியே எழுதினார். 'மழைக்கு அறுபது சதம் வாய்ப்பு.'

"அறுபது சதம்னா என்னண்ணே?" என்றாள் சுப்புத்தாய். "டீக்கு அறுபது சதம் சீனி போட்டுருக்கேன்னு சொன்னா நீங்க காசு குடுப்பீகளா?"

கடையே சிரித்தது. சதம் இருந்தால்தானே வம்பு என்று அதை வெட்டிவிட்டு, 'மழை வரும்' என்று மொட்டையாக எழுதினார். அது அம்மாவாசியின் தும்மலில் வந்து நின்றது. அடுத்த முறை எதிலும் பட்டுக்கொள்ளாமல், 'மழை வந்தாலும் வரும், வராமலும் போகும்' என்று எழுதினார். இதைச் சொல்ல ஆராய்ச்சி நிலையம் எதற்கு, எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லே சொல்லுமே என்றாள் சுப்புத்தாய்.

கேலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். டீ குடிக்க வருகிறவர்கள் பெஞ்சைத் தெருப்பக்கமாகத் திருப்பிப் போட்டு, பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்களே, அதுதான் அவருக்குச் சோறு இறங்காமல் செய்தது. பாவம், எழுதிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அந்த முதுகு வரிசையைப் பார்த்துப் பார்த்து மனிதர் இளைத்தே போனார்.

கடைசியில் அம்மாவாசியிடமே சரணடைந்தார். தும்பி தாழப் பறப்பதையும் மலைப்பக்கம் காற்று மாறுவதையும் வைத்து மழை சொல்கிறவர் அம்மாவாசி. நிலையம் சொல்வதையும் இவர் சொல்வதையும் கலந்து எழுதினால் ஊர் திரும்பி உட்காரும் என்பது ஈஸ்வரபாண்டியின் கணக்கு.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜோதிலட்சுமி ஒப்பித்தாள்.

"வியாழக்கிழம ராத்திரி காத்தும் மழையுமா வருமாம். எம்பது சதம்னு சார் சொன்னாக. ஊரு நம்புதான்னு பாக்க வெள்ளிக்கிழம நேர்லயே வாராகளாம். நம்ம பழம் கனிஞ்சு தொங்குது, நாளைக்கே வெட்டிருங்க. நானும் இனி மழை விட்டுத்தான் வத்தலுக்குக் கூழ் காய்ச்சணும்."

பழமும் கூழும் அவர் காதில் ஏறவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஏறியது. அதிகாரி வரும் நாளில் பலகை பொய்த்துப்போனால் மானம் கப்பலேறிவிடும். ஓடிப்போய் அம்மாவாசியைக் கேட்டார். தும்பியையே காணோம், சொட்டு விழாது மாப்ள என்றார் அவர். ஊர் அம்மாவாசி பேச்சைத்தான் கேட்கும், எண்பது போனாலும் மீதி இருபது சதம் இருக்கிறதே என்று ஈஸ்வரபாண்டி துணிந்தார். பலகையில் 'மழை இல்லை' என்று எழுதினார்.

எழுதிய பிறகுதான் தன் கழுத்தில் தானே சுருக்குப் போட்டுக்கொண்டது தெரிந்தது. இப்போது பழத்தை வெட்டினால், எழுதினவனே நம்பவில்லை என்று ஊர் சிரிக்காதா? போர்டுக்கு ஒரு பேச்சு, தோட்டத்துக்கு ஒரு பேச்சு பேச முடியாது, ஒருவரும் பந்தல் பக்கம் போகக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்.

"அப்ப சரி. பழம் வெடிச்சா ஒங்க மதிப்ப எடை போட்டு ஏவாரிக்குக் குடுங்க" என்று ஜோதிலட்சுமி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஊரில் இருந்தால் கை சும்மா இருக்காது என்று பயந்து, வியாழன் விடியலில் முதல் பஸ் ஏறி ஆண்டிபட்டியில் ஒரு காதுகுத்துக்குப் போனார். ராத்திரி அங்கே தகரக் கூரையில் மழை கொட்டியது. ஆண்டிபட்டிக்காரர்கள் மழையைக் கண்டு எத்தனை நாளாயிற்றோ, பந்திக்கு இன்னொரு பாயசம் வைக்கச் சொன்னார்கள். ஈஸ்வரபாண்டி ஒருவருக்குத்தான் அந்தப் பாயசம் கசந்தது.

காலையில் ஊரில் இறங்கியதும் நேரே தோட்டத்துக்கு ஓடினார். பந்தலுக்கடியில் பன்னீர் திராட்சை வெடித்துச் சிதறி ஈ மொய்த்துக் கிடந்தது. ஒரு வெள்ளாமை முழுக்கப் போயிற்று. யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடிக்குமுன் அதைவிடப் பெரிய பயம் வந்தது. தன் பலகையால் ஊர்ப் பழமும் போயிருக்குமே.

வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அடுத்த பந்தலில் இலைகள்தான் இருந்தன, ஒரு குலை இல்லை. அதற்கடுத்ததும் அப்படியே. சொட்டு விழாது என்று சொன்ன அம்மாவாசியின் பந்தல் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

டீக்கடையில் ஞானதுரை வந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"ஊரே நேத்துப் பழத்த வெட்டி லாரி ஏத்திருச்சாமே! ஒங்க போர்ட இவ்வளவு நம்புறாங்களா?" என்றவர், எழுந்து பலகையைப் படித்தார். பூரிப்பு பாதியில் நின்றது.

ஈஸ்வரபாண்டி அம்மாவாசியைப் பார்த்தார். "மழை வராதுன்னு நீங்கதான மாமா சொன்னீக? பெறகு ஏன் வெட்டுனீக?"

"தும்பியெல்லாம் சும்மா பேச்சுக்கு மாப்ள. பழத்துக்கு ஒன் வீட்டு மாடிதான்." அம்மாவாசி எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். "நம்ம ஜோதி அங்கன வேட்டிய விரிச்சு வத்தலோ புளியோ காயப்போட்டா வெயிலு. போடலைன்னா மழை. ரெண்டு வருசமா ஊரே இங்கன உக்காந்து அதத்தான பாக்குது. புதங்கிழம மாடி வெறிச்சுன்னு கெடந்துச்சு, ஒடனே வெட்டுக்கு ஆளச் சொல்லிட்டோம்."

முதுகுகள் ஏன் திரும்பியிருந்தன என்பது ஈஸ்வரபாண்டிக்கு அப்போதுதான் விளங்கியது. அவரும் ஞானதுரையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் அந்தப் போனை எடுப்பது யார் என்பதும், எடுத்தவள் எதை நம்பி மாவு ஆட்டுகிறாள் என்பதும் அந்தக் கடையில் அவர்கள் இருவருக்குத்தான் தெரியும்.

ஞானதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த மாடிக் கணக்குத் தப்பவே தப்பாதா?" என்று கேட்டார்.

"தப்பாம என்ன? பத்துக்கு ரெண்டு தப்பத்தான் செய்யும், வானமில்லையா?" என்றார் அம்மாவாசி, டீயை ஆற்றிக்கொண்டே. "இதெல்லாம் சதக் கணக்குப் போடுற ஆளுகளுக்குப் புரியாது சார்."