அம்மா அணைத்த பிறை

என் கண்பார்வையில் ஒரு குறையும் கிடையாது. போன மாதம்தான் கண் டாக்டர் சுவரில் மாட்டியிருந்த பொடி எழுத்து வரை படிக்கச் சொல்லிவிட்டு, இந்த வயதில் இப்படி ஒரு பார்வையா என்று ஆச்சரியப்பட்டார். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "லைட்டை அணைச்சிட்டுக் காட்டினாரா, அணைக்காமக் காட்டினாரா?" என்றாள். பேத்திக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. எங்கள் குடும்பத்தில் என் கண்ணுக்கு இருந்த மரியாதை 1960களின் தொடக்கத்தில், ஒரு நோன்பு மாதக் கடைசியில் போனது. இன்னும் திரும்பி வரவில்லை.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். (சொந்தபந்தம் எல்லாம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, கல்யாணம் காட்சிக்குப் போக வேண்டாமா?) புதுக்கோட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டிய சின்ன ஊர். ஒரு கடைத்தெரு, பள்ளிவாசல், அதை அடுத்துக் கண்மாய். கண்மாய்க்கு மேற்கே, பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு.

ஊருக்குக் கரண்ட் வந்த புதிது அது. கம்பத்துக்குக் கம்பம் விளக்கு, கடைக்குக் கடை விளக்கு. வசதி உள்ளவர்கள் வீட்டுக்கு வெளியிலும் மாட்டினார்கள். (நாங்களும்தான்.) காபிக் கிளப் சுப்பையா அண்ணன் தன் பெயர்ப் பலகையைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாகப் பல்புகளைக் கோத்துவிட்டிருந்தார். பெருமையாகத்தான் இருந்தது, நோன்புப் பெருநாள் பிறை தேடும் வரை. முதல் பிறை என்பது நகம் வெட்டிப் போட்ட மாதிரி இருக்கும். அதுவும் கொஞ்ச நேரம்தான். இத்தனை வெளிச்சத்தில் அது எங்கே தெரியப்போகிறது? கண்மாய்க்கரையில் ஊரே கழுத்து வலிக்க நின்றது. கடைசியில் திருச்சியில் பிறை கண்ட சேதியைக் கீரனூர் வழியாக வந்த பஸ் டிரைவர் சொல்லித்தான் நாங்கள் மறுநாள் பெருநாள் கொண்டாடினோம். அந்த டிரைவர் பஸ்ஸிலிருந்து இறங்கி, நிலாவை அவரே மூட்டை கட்டி ஏற்றி வந்தவர் மாதிரி நின்றார். எனக்கு அதைப் பொறுக்க முடியவில்லை.

மறு வருஷம் சங்கம் ஆரம்பித்தேன். பெயர், 'வான் இருள் காப்புத் தொண்டர் சங்கம்'. ஊர் அதை 'இருட்டுச் சங்கம்' என்று சுருக்கிக்கொண்டது. நான் தலைவர். சைக்கிள் கடை கமால் செயலாளர். உறுப்பினர்களாக நாலைந்து பையன்களும் இருந்தார்கள். கமால் கடையில் வாடகை சைக்கிள் இலவசம் என்று நான் அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டதால் சேர்ந்தவர்கள். நோன்பு மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. அன்று சூரியன் மறைந்ததும் ஊர் விளக்குகளைக் கொஞ்ச நேரம் அணைக்க வேண்டும். இதுதான் எங்கள் திட்டம்.

கடை கடையாக ஏறி இறங்கினோம். வெளிச்சம் வானத்தை எப்படி மறைக்கிறது என்று நான் பேசிய பேச்சில் பாதி எனக்கே புரியவில்லை. சுப்பையா அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டு, "அணைக்கிறேன் தம்பி. ஒங்க நோம்புக்கு நான் செய்யாம யாரு செய்வா? ஆனா இருட்டுல எவனாச்சும் வடைத் தட்டைத் தூக்கிட்டு ஓடினா சங்கம்தான் பொறுப்பு" என்றார். பஞ்சாயத்து விளக்குக்காரரும் சம்மதித்தார்.

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தான் கடைசி. நிதானமான மனிதர்.

"நல்ல காரியம்தான் தம்பி. ஒரு தடவை செஞ்சு பாப்போம். ஒழுங்கா நடந்தா ஒவ்வொரு மாசப் பிறைக்கும் அணைக்கச் சொல்லி நானே சொல்றேன். கேலிக்கூத்தாப் போச்சுன்னா அதோட விட்றணும். சம்மதமா?"

"சம்மதம் ஹஜ்ரத். ஒரு பொட்டு வெளிச்சம் இருக்காது" என்றேன்.

அந்த நாளும் வந்தது. நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, தொழுதுவிட்டு எல்லோரும் கண்மாய்க்கரைக்கு வந்தார்கள். நான் கையை உயர்த்தினேன். கமால் விசில் ஊதினான். கடைத்தெரு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சுப்பையா அண்ணனின் சிவப்பும் பச்சையும்கூடப் போயின. தலைக்கு மேலே, கரண்ட் வந்த பிறகு நாங்கள் மறந்தே போயிருந்த நட்சத்திரங்கள் ஒன்றிரண்டாக வெளியே வந்தன. இதை நாம் செய்தோம் என்று நினைத்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

மேற்கே பார்த்தேன். பனை உச்சிகளுக்குச் சற்று மேலே, படகு மாதிரி வளைந்து, மெல்லிசாக, வெள்ளையாக...

"பிறை" என்று கத்தினேன். "அந்தா, ரெட்டைப் பனைக்கு மேல."

கமாலும் பார்த்தான். (நான் பார்த்ததை அவன் பார்க்காமல் இருந்ததே இல்லை.) ஹஜ்ரத் கண்ணைச் சுருக்கினார். "தெரியத்தான் செய்யுது. மொதப் பிறை இம்புட்டுப் பளிச்சுன்னா இருக்கும்?"

"இருட்டோட மகிமை ஹஜ்ரத்" என்றேன்.

வழக்கப்படி வேண்டிய சாட்சி இரண்டு பேர் ஆயிற்று. பிறகு கரையில் நின்ற அத்தனை பேருமே பார்த்தார்கள். பள்ளிவாசலில் நகரா முரசு முழங்கியது. ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்து சலாம் சொன்னார்கள். கறிக்கடைக்காரர் ஆட்டைப் பார்க்க ஓடினார். பாதி தைத்த சட்டைகளோடு டெய்லர் ஓடினார். என்னை இரண்டு பேர் தோளில் தூக்கினார்கள். உயரத்திலிருந்து பார்த்தபோது பிறை இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

ஹஜ்ரத் மட்டும் மேற்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பிறை எறங்கவே இல்லையே. பனை உச்சிக்கு மேல அதே எடத்துல நிக்கிது."

"இருட்டு கூடக் கூட நெலா நிதானமாத்தான் எறங்கும் ஹஜ்ரத்" என்றேன். (இப்படி ஒரு விஞ்ஞானம் உலகத்திலேயே கிடையாது. தோளில் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது.)

அப்போது பிறை அணைந்தது.

மேகம் மறைக்கவில்லை, மங்கவில்லை. பட்டென்று அணைந்தது. உடனே ஒரு தடவை மினுக்கி எரிந்தது. மறுபடியும் அணைந்தது.

பின்னாலிருந்து சுப்பையா அண்ணன் மெதுவாகக் கேட்டார். "ஏந்தம்பி, நெலாவுக்கும் கரண்டுதானா?"

அவர் கேட்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. அணைத்தால் ஒரு தடவை மினுக்கிவிட்டுத்தான் அணையும் சுவிட்ச் அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டு மொட்டைமாடியில், என் கையால் ஒயர் இழுத்து நான் மாட்டிய சுவிட்ச். எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்தது ஊருக்கெல்லாம் தெரிய வேண்டும் என்று அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆசைப்பட்டதால், மாடியில் உயரமாக ஒரு குழாய் நட்டு, எனாமல் தொப்பி போட்ட பல்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன். தொப்பி மேற்கே திரும்பியிருந்ததால் கண்மாய்க்கரையிலிருந்து பார்த்தால் பல்பு தெரியாது. தொப்பியின் கீழ் விளிம்பு மட்டும் தெரியும், படகு மாதிரி வளைந்து, மெல்லிசாக, வெள்ளையாக. ஊரெல்லாம் அணைக்கச் சொன்னவன் வீட்டில் மட்டும் சொல்லவில்லை. நம் வீடுதானே என்று இருந்துவிட்டேன்.

தோளிலிருந்து குதித்தேன். (அவர்களே போட்டுவிட்டார்கள் என்றும் சொல்லலாம்.) கமால் சைக்கிளை மிதிக்க, நான் பின்னால் உட்கார்ந்து கண்மாய்க்கரையைச் சுற்றி வீட்டுக்குப் பறந்தேன். கமாலை வாசலில் நிறுத்திவிட்டு மாடிக்கு ஓடினேன். காயப்போட்ட துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா நின்றிருந்தார்.

"யாரும்மா லைட்டை அணைச்சது?"

"நான்தான். ஊரெல்லாம் அணைக்கணும்னு நீதானடா கடை கடையாச் சொன்னியாம். எங்கிட்டச் சொன்னியா? நகராச் சத்தம் கேட்டு மேல வந்து பாத்தா, நம்ம வீட்டுல மட்டும் எரியுது. ஒனக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாதேன்னு அணைச்சேன்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். அம்மா என் முகத்தைப் பிடித்து மேற்கே திருப்பினார்.

"அங்கிட்டுப் பாருடா. இது எரிஞ்சப்பக் கண்ணு கூசிச்சு, ஒண்ணும் தெரியல. அணைச்சதும் தெரியுது பாரு, பிறை."

அடிவானத்துக்குச் சற்று மேலே மங்கலாக ஒரு கீற்று இருந்தது. ஆனால் எனக்கு நிலா என்றாலே நம்பிக்கை போயிருந்தது.

"அது லைட்டும்மா" என்றேன். "எவன் வீட்டு லைட்டோ. இன்னிக்குப் பிறையே கெடையாது, விடுங்க." அத்தோடு விட்டேனா? கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, "கமாலு, பிறை இல்லைன்னு ஹஜ்ரத்துக்கிட்டச் சொல்லிரு" என்று கீழே கத்தினேன்.

கமால் விசுவாசமானவன். பறந்து போய், மூச்சு வாங்க, பிறை இல்லை என்று சொல்லியிருக்கிறான். அப்போது ஹஜ்ரத் உட்பட மொத்தக் கரையும், எங்கள் விளக்கு அணைந்த இருட்டில் நிஜப் பிறையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டாவது முறை நகரா முழங்கியபோது அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் கீற்று மறைந்துவிட்டது. ஊரே கண்ட பிறையை ஊரில் நான் ஒருவன்தான் லைட் என்று சொன்னேன்.

மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்து ஹஜ்ரத் என்னைக் கூப்பிட்டபோது, சங்கம் ஒழிந்தது என்றே நினைத்தேன். அவர் என் தோளில் கை போட்டு, "மாசாமாசம் அணைப்போம் தம்பி. இருட்டுனா என்னன்னு ஒங்கம்மா காட்டிட்டாங்க. ஆனா நீங்க வெளக்கை மட்டும் பாத்துக்கங்க. பிறையை நாங்க பாத்துக்கிறோம்" என்றார். நாங்களும் பல வருஷம் அணைத்தோம். ஒவ்வொரு தடவையும் கமால் முதலில் வந்து நின்றது எங்கள் வீட்டு மாடியில்தான்.

எனக்குப் பெண் பார்த்தபோதும் என் கண்ணை யாரும் கேட்கவில்லை. "லைட்டைப் பிறைன்னான், பிறையை லைட்டுன்னான். இவன் பாத்து என்ன ஆகப்போகுது?" என்று அத்தா சொல்லிவிட்டார். பொன்னமராவதிக்கு அம்மா மட்டும் போய்ப் பார்த்து, சரி என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மா அன்று மாடியில் பார்த்ததும் சரி, பொன்னமராவதியில் பார்த்ததும் சரி.

இதை எழுதி முடித்ததும் என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். படித்துவிட்டு, "இத்தனை வருஷத்துல ஒன்னை மாதிரி ஒருத்தியை நான் பாத்ததே இல்ல" என்று மனதிலிருந்து சொன்னேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "லைட்டை அணைச்சிட்டு ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றாள்.